தையல் ஓரமாய் ஒரு கிழிசல்

காமியன்கா, போலந்து
2 ஆகஸ்ட் 2007

வைன்ஷ்டோக் அறக்கட்டளைத் தலைவர் அவர்களுக்கு, மெல்பர்ன்.

ஐயா,

தாங்கள் அனுப்பிய பளிங்குக் கல் செவ்வாய்க்கிழமை நல்லபடியாக வந்து சேர்ந்தது. மூலை உடையவில்லை. ஜெப ஆலயத்தின் வாசல் சுவரில் பதிப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இந்த ஊரில் எபிரேய எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர். அதில் கண் நன்றாகத் தெரிகிறவள் நான் ஒருத்தி.

கல்லில் மூன்று பெயர்கள். மோர்ட்கா வைன்ஷ்டோக், அவர் மனைவி கித்லா, மகள் ரூஜா. மூன்று பெயருக்குப் பின்னாலும் ஸாயின், லாமெத் என்ற அந்த இரண்டு எழுத்தை வெட்டியிருக்கிறார்கள். 'நினைவு ஆசியாய் நிலைக்கட்டும்' என்பதன் சுருக்கம். செத்தவர்களுக்கு மட்டும் போடுவது. முதல் இரண்டு பெயருக்குச் சரி. மூன்றாவதில் பிழை. அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள். எனக்கு நிச்சயமாகத் தெரியும். இன்று காலை அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது நான்தான், குடித்ததும் நான்தான்.

இரண்டு வருஷமாகத் தங்கள் ஆட்கள் அளக்கவும் படம் பிடிக்கவும் வந்தபோதெல்லாம் கதவைத் திறந்துவிட்டவளும் நான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து கூரையையே பார்த்தார்கள்.

திறப்பு விழா அக்டோபர் பதினாலு. அதற்குள் ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
ரூஜா வ்ரோனா
(பிறந்த வீட்டுப் பெயர் வைன்ஷ்டோக்)
சாவிக்காரி


மெல்பர்ன்
15 ஆகஸ்ட் 2007

மதிப்பிற்குரிய திருமதி வ்ரோனா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. காமியன்காவில் யூத வாழ்வும் பண்பாடும் மீண்டும் தழைக்க அறக்கட்டளை எடுத்துவரும் முயற்சியில் தங்கள் பங்குக்கு நன்றி. தாங்கள் சுட்டிக்காட்டியது அலுவலகத்தில் நேர்ந்த எழுத்துப்பிழை. பரிசீலித்து வருகிறோம்.

ஹென்றி வைன்ஸ்டாக்
தலைவர்

(கையால்) அக்கா. மேலே உள்ளது டைப் அடித்தது, நகல் என் மகள் டெப்ராவின் மேசைக்குப் போகும். அதனால் அப்படி. அறக்கட்டளையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அக்கா, நீ இருக்கிறாயா? உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். 'ர' போடும்போது இன்னும் வாலைக் கீழே இழுக்கிறாய். அலுவலகத்துக்கு இனி எழுதாதே. கீழே தபால் பெட்டி எண் இருக்கிறது, அதற்கு எழுது. வீட்டுக்கும் வேண்டாம்.

ஹெனெக்


காமியன்கா
28 ஆகஸ்ட் 2007

ஹெனெக்,

உன் கடிதத்தின் மேல் பாதியை யாரோ ஒரு கனவான் எழுதியிருக்கிறார். கீழ்ப் பாதியை நீ எழுதியிருக்கிறாய். கீழ்ப் பாதிக்கு மட்டும் பதில் போடுகிறேன்.

இருக்கிறேன். எழுபத்திரண்டு வயதாகிறது. இரண்டு முறை வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள், இரண்டு முறையும் பிழைத்து எழுந்தேன். டாக்டருக்கே ஆச்சரியம். காரணம் இப்போதுதான் புரிகிறது. மரண தூதன் கட்டிலருகே வந்து ஏட்டைப் புரட்டியிருப்பான். "இந்தப் பேரை ஏற்கெனவே அடிச்சாச்சே, மறுபடி எதுக்குக் கூப்பிட்டாங்க?" என்று திட்டிக்கொண்டே போயிருப்பான்.

எழுத்துப்பிழை என்கிறாய். கல் வெட்டுகிறவனுக்குக் கை தவறும், இரண்டு எழுத்து கூடிப்போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பெயருக்குக் கீழே ஒரு தேதி இருக்கிறதே. நம் கணக்கில் 5730, கிஸ்லேவ் மாதம் பதினாலு, அறுபத்தொன்பது நவம்பர். கை தவறி நாளும் மாதமும் வருஷமும் சேர்ந்தா விழும்? அந்த நாளில் நான் செத்தேன் என்று யார் சொன்னது?

அறுபத்தெட்டில் யூதர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்னது அரசாங்கம், உங்களுக்கு மூன்று வாரம் கெடு. அம்மா நுரையீரல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். யாராவது ஒருவர் இருந்தாக வேண்டும். இருந்தேன். ரயில் ஜன்னலிலிருந்து நீ கத்தினாய், "அம்மா விஷயம் முடிஞ்சதும் உன்னை வரவழைக்கத் தாள் அனுப்பிடுறேன் அக்கா, ஒரே மாசம்!" அப்பா என் கோட்டுப் பொத்தான் ஒன்று தளர்ந்து தொங்கியதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊசி கையில் இருந்திருந்தால் இறங்கி வந்து தைத்திருப்பார்.

மறு வசந்தத்தில் அம்மா போனாள். நம் ஆட்கள் எல்லோரும் போய்விட்ட ஊர். கல்லறைக்கு வந்த யூத ஆண்கள் ஆறு பேர். செத்தவர்களுக்கான காதிஷ் ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் மண்ணைத் தள்ளினார்கள். அம்மா காதிஷ் இல்லாமல் போனாள். ஆறு பேரில் தூக்கத் தெம்பிருந்தவர்கள் மூன்று பேர், பெட்டியின் நாலாவது மூலையைப் பிடித்தவன் டாடெக், ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவன், கத்தோலிக்கன். ஒரு வருஷம் அம்மாவைத் தூக்கி இறக்கியவனும் அவன்தான். உன் தாளுக்காக ஏழு மாதம் காத்திருந்தேன். அப்புறம் டாடெக்கைக் கட்டிக்கொண்டேன். உனக்கும் அப்பாவுக்கும் எழுதினேன். பதில் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அப்பா என்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு கண்ணை மூடினார்? அதை மட்டும் எனக்குச் சொல்.

இன்னொன்றும் இருக்கிறது. உன் பணம் கெட்டது ஒன்றும் செய்யவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கூரை ஒழுகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை இருபது இருபத்தைந்து பேர் வருகிறார்கள். பாதிப் பேருக்குத் தாங்கள் யூதர்கள் என்பதே பத்து வருஷத்துக்கு முன்னால்தான் தெரியும். தாய் சாகும்போது காதில் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். உன் அறக்கட்டளை அனுப்பிய ஆசிரியர் நடத்தும் வகுப்பில் மீசைக்காரர்கள் உட்கார்ந்து அலெஃப், பெய்த் என்று எழுதிப் பழகுகிறார்கள். பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்ச நேரம் கழித்து அழுகையும் வரும். எல்லாம் சேர்த்து எண்ணினால் ஆண்கள் ஒன்பது பேர்.

ஒன்பது, ஹெனெக். விழாவன்று அம்மாவுக்குக் காதிஷ் சொல்ல ஒரு ஆள் குறைகிறது. நீ வா. மகன் வாயால் அவள் அதைக் கேட்கட்டும். கூரைக்குப் பணம் அனுப்பினாய், தரைக்கு அனுப்பினாய். பத்தாவது ஆளாகப் பணத்தை எண்ண முடியாது.

ரூஜா


மெல்பர்ன்
11 செப்டம்பர் 2007

அன்புள்ள அக்கா,

நாளை மாலை புத்தாண்டு பிறக்கிறது. ஆப்பிளும் தேனும் வாங்கி வைத்திருக்கிறோம். உனக்கு நல்ல வருஷமாக எழுதப்படட்டும்.

நீ கேட்டதற்குப் பதில். அறுபத்தொன்பது கடைசியில் போலந்திலிருந்து வந்த ஒருவர், யாரென்று இப்போது நினைவில்லை, நீயும் அம்மாவைப் போலவே நுரையீரலால் போய்விட்டாய் என்று சொன்னார். அப்பா நம்பிவிட்டார். நாங்களும் நம்பினோம். அந்தக் காலத்தில் விசாரிக்க என்ன வழி இருந்தது? அப்பா வருஷா வருஷம் அந்தத் தேதியில் உனக்கு நினைவு விளக்கு ஏற்றினார். அவருக்குப் பிறகு நான் ஏற்றுகிறேன். அந்த விளக்கைப் பார்த்து வளர்ந்தவள் டெப்ரா. கல்லில் உன் பெயரைச் சேர்த்தது அவள்தான், எனக்கு ஆச்சரியம் தருவதற்காக. தப்பு அவளுடையது அல்ல.

நான் வருவதற்கில்லை. இருதய டாக்டர் இருபத்து நாலு மணி நேரப் பயணம் கூடாது என்கிறார். கவலைப்படாதே, வ்ரோட்ஸ்வாஃபிலிருந்து பதினைந்து ஆண்கள் பேருந்தில் வர ஏற்பாடு செய்துவிட்டேன். காதிஷை அழகாகச் சொல்லக்கூடிய ஒருவரும் வருகிறார், நல்ல குரல். டெப்ரா நேரில் வருகிறாள்.

கல்லை இப்போது மாற்றினால் கேள்வி வரும். விழா முடிந்ததும் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். டெப்ராவிடம் நீ யாரென்று சொல்லிவிடாதே, அக்கா. சமயம் பார்த்து நானே சொல்கிறேன். இத்தனை வருஷம் பொறுத்தாய், இன்னும் ஒரு மாதம்.

உன் ஹெனெக்


காமியன்கா
16 அக்டோபர் 2007

ஹெனெக்,

விழா நன்றாக நடந்தது. நகராட்சித் தலைவர் பேசினார், பாதிரியார் பேசினார், மழை பெய்யவில்லை. கசகசா கேக் மூன்று தட்டு போதவில்லை. உன் அறக்கட்டளைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் 'காமியன்காவின் யூத வாழ்வுக்கு மீண்டும் உயிர்' என்று போட்டிருந்தது. உயிர் கொடுத்ததுதான் கொடுத்தாய், எனக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்.

உன் பதினைந்து பேரும் வந்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஒன்பது பேரும் அவர்களோடு நின்றார்கள். அந்த நல்ல குரல்காரர் வாசல் கல்லுக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயர்களைப் படித்தார். மோர்ட்கா. கித்லா. மோர்ட்கா மகள் ரூஜா. என் ஆத்துமா நித்திய இளைப்பாறுதல் அடையட்டும் என்று உருக்கமாகப் பாடினார். உண்மையிலேயே நல்ல குரல்தான். நான் சாவிக்கொத்தோடு மாடியில் பெண்கள் பகுதியில் நின்றேன். பக்கத்தில் நின்ற மருந்துக்கடை காஷா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "ரூஜா அம்மா, அது உங்க பேரில்ல?" என்றாள். "இந்த ஊர்ல எத்தனையோ ரூஜா, நீ பேசாம இரு" என்றேன். கீழே எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். காதிஷ் கேட்டால் ஆமென் சொல்லாமல் இருக்கக் கூடாதல்லவா.

முடிந்ததும் டெப்ரா மாடிக்கு ஏறி வந்தாள். நடை அப்படியே அம்மாவுடையது, குதிகாலை அழுத்தி வைக்கிறாள். காஷா மொழிபெயர்த்தாள்.

"இத்தனை வருஷம் சாவியைக் காப்பாத்தி வச்சிருந்தது நீங்கதானாமே. உங்க பேரு ரூஜான்னு சொன்னாங்க. எங்க அத்தை பேரும் அதேதான்."

"அப்படியா? நல்ல பேரு."

"நான் பொறக்கறதுக்கு முன்னாலேயே போயிட்டாங்க. அவங்க போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா? எப்படி இருப்பாங்க?"

எப்படி இருப்பாள் என்று உன் மகள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். "கொஞ்சம் வாயாடி" என்றேன். "மத்தபடி மோசமில்ல." அவள் சிரித்தாள். என்னைக் கட்டிப் பிடித்தாள். ஒரு துணிப்பை கொடுத்தாள், உள்ளே புத்தகம், பேனா, மெழுகுவர்த்தி, எல்லாவற்றிலும் உன் பெயர். அப்புறம் கீழே இறங்கிப் போய்க் காரில் ஏறிவிட்டாள்.

உனக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டேன். கொடுக்கவே கூடாத வாக்கு. நான் அதைக் கொடுக்கவும் இல்லை, நீயாக எடுத்துக்கொண்டாய்.

பாவநிவாரண நாள் போய் மூன்று வாரம் ஆகிறது. பட்டினி இருந்திருப்பாய், மார்பில் அடித்துக்கொண்டிருப்பாய். கடவுளுக்குச் செய்ததைத்தான் கடவுள் அன்று மன்னிப்பார். மனுஷருக்குச் செய்ததை அந்த மனுஷரிடம் போய்க் கேள் என்று சின்ன வயதில் நாம் இருவரும் சேர்ந்துதான் படித்தோம். 'போலந்திலிருந்து வந்த ஒருவர்' என்று எழுதியிருக்கிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதுவும் என் தட்டிலேயே. பெயர் தெரியாத அந்த மனிதரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

இனி எழுத மாட்டேன். நீ எழுதினால் பார்க்கலாம்.

ரூஜா


மெல்பர்ன்
29 அக்டோபர் 2007

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்துப்போட்டேன். இது நாலாவது. இதைத் திருப்பிப் படிக்காமல் தபாலில் போடப் போகிறேன்.

அந்த மனிதர் நான்தான்.

நாங்கள் அப்போது இங்கே கார்ல்டன் பகுதியில் ஒற்றை அறையில் இருந்தோம். உன்னை வரவழைக்கக் கையெழுத்திட வேண்டிய தாள் மேசை இழுப்பறையில் கிடந்தது. தங்க இடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இடம் இல்லை. இடம் பிடித்ததும் அனுப்பலாம் என்றிருந்தேன். தினமும் சாப்பாட்டு வேளையில் அப்பா கேட்பார், "ரூஜாவுக்குத் தாள் அனுப்பிட்டியா?" ஒரு நாள் அலுப்பில் "அனுப்பிட்டேன்பா" என்று சொல்லிவிட்டேன். முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு அவர் தபால்காரனுக்காக வாசலில் நிற்க ஆரம்பித்தார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால் அத்தோடு சரியாகியிருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்றே ஏழு மாதம் போய்விட்டது. ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அக்கா வந்தால் இன்னொரு வாய் என்று நினைத்தேனா? நினைத்திருப்பேன். அப்போது எனக்கு முப்பது வயது, ஒரே ஒரு நல்ல கோட்டு, ஊரில் எவனும் வேலை கொடுக்கவில்லை.

உன் கல்யாணக் கடிதம் வந்த அன்று அப்பா வாசலில் இல்லை, பல் வலி என்று படுத்திருந்தார். நான்தான் பிரித்தேன். 'ஹெனெக் அனுப்புவதாகச் சொன்ன தாள் கடைசிவரை வரவே இல்லை, காத்துப் பார்த்தேன், இனி வேண்டாம்' என்று எழுதியிருந்தாய். டாடெக்கைப் பற்றி எழுதியது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வரிதான். அதை அவர் படித்தால் நான் என்ன ஆவேன்? உள்ளே போனேன். முகத்தில் ஏதோ தெரிந்திருக்கும். "என்னடா?" என்றார். "ரூஜா" என்றேன். "ரூஜாவுக்கு என்ன?" அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். "போயிட்டாளா?" என்று அவர்தான் கேட்டார், அக்கா. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அன்று கிஸ்லேவ் பதினாலு.

அவர் கோட்டின் மார்பைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாவு கேட்டால் கிழிப்பது நம் முறை, கூடப்பிறந்தவன் நானும் கிழிக்க வேண்டுமே. கிழித்தேன். ஏழு நாள் துக்கம் காத்து, தாழ்ந்த ஸ்டூலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அக்கம்பக்கத்தார் முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாலாம் நாளும் நினைத்தேன். ஏழாம் நாளுக்குப் பிறகு எப்படிச் சொல்வது? அவர் எழுபத்து நாலில் போகும்வரை தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அவர் மகள் செத்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டே போனார். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அதற்கு நான்தான் காரணம்.

வயதான பிறகு பணம் வந்தது. காமியன்காவுக்குக் கொடுத்தேன், கொடுத்துக்கொண்டே இருந்தேன். பண்பாடு, பாரம்பரியம் என்று மேடையில் பேசும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் போய்விடும்.

இருதய டாக்டரும் பொய். அவர் போகச் சொன்னார்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்கிறேன்.

ஹெனெக்


காமியன்கா
9 நவம்பர் 2007

தம்பி,

இந்தக் கடிதத்துக்காக முப்பத்தெட்டு வருஷமாகக் காத்திருந்தேன். வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

இப்போது நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா என்ன நினைத்துக்கொண்டு போனார் என்று உன்னைக் கேட்டேனே, அது எனக்குத் தெரியும். நீ என்ன சொல்கிறாய் என்று பார்க்கத்தான் கேட்டேன். அலுவலகம் என்றாய், எவரோ ஒருவர் என்றாய். அப்பா சொன்னது அப்படியே நடந்தது.

அப்பாவின் கடிதங்கள் என்னிடம் பத்தொன்பது இருக்கின்றன. எழுபதாம் வருஷம் ஜனவரியில் ஆரம்பித்து அவர் போகும்வரை. உங்கள் தெருவில் பழக்கடை வைத்திருந்த இத்தாலியர் விலாசத்துக்குப் பதில் போடச் சொன்னார். நீ தபால் பெட்டி எண் கொடுத்தபோது சிரித்துவிட்டேன். நம் வீட்டு ஆண்களுக்கே வேறு விலாசத்தில் கடிதம் வாங்குவது பழக்கம் போலிருக்கிறது.

முதல் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், மற்றவை உனக்காகப் பெட்டியில் இருக்கின்றன. உன் கண் பழைய எழுத்தைப் பிடிக்காது என்பதால் பாதியை இங்கே எழுதுகிறேன்.

"ரூஜா, நீ இருந்தா இதுக்குப் பதில் போடு. இல்லன்னா இது திரும்பி வரட்டும். நீ போயிட்டேன்னு ஹெனெக் சொன்னான். நம்பிட்டேன். கோட்டைக் கிழிச்சேன், தாழ உட்கார்ந்தேன். அவனும் கிழிச்சான். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் அவன் கோட்டைப் பார்த்தேன். துணி கிழியல, மகளே. தையல் பிரிஞ்சிருக்கு. மார்பு மடிப்புல நூல் ஓடுற இடமாப் பார்த்து, மறுபடி சேர்த்துத் தைக்கிற மாதிரி பிரிச்சிருக்கான். நாப்பத்தஞ்சு வருஷமா ஊசி பிடிக்கிறவன் நான். அக்கா செத்துப்போனவன் தையல் எங்க இருக்குன்னு தேட மாட்டான். கிழிச்சா துணியில கிழிக்கணும்ங்கிறது சட்டம். தையல்ல பிரிச்சா அது துக்கமில்ல."

இதைப் படித்த அன்றைக்கே பதில் போட்டேன். 'இருக்கிறேன் அப்பா' என்று ஒரே வரி. அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று இரண்டாவது கடிதத்தில் எழுதினேன். அதற்கு அவர் எழுதியது: "நான் கேட்டா இன்னொரு பொய் சொல்லுவான். பொய்க்கு மேல பொய் அடுக்க வைக்கக் கூடாது. அவன் வாயால தானா வரட்டும். வந்த அன்னைக்கு இந்தக் கடிதாசியெல்லாம் அவன்கிட்ட குடுத்துடு. அதுவரைக்கும் நீ அவனுக்கு எழுதாதே."

அந்தக் கல் வரும்வரை அவர் பேச்சை மதித்தேன். ஐந்து வருஷம் ஒரே மேசையில் அவர் எதிரே உட்கார்ந்து நீ பொய்யை விழுங்கினாய், உன் எதிரே உட்கார்ந்து அவர் உண்மையை விழுங்கினார். எனக்கு இப்போது தோன்றுவதைச் சொல்கிறேன். அவர் செய்ததும் தப்பு. நான் செய்ததும் தப்பு. ஒரு நாள் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "டேய், ரூஜா உயிரோட இருக்கா, எனக்குத் தெரியும்" என்று சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், அடித்திருப்பார், மறுநாள் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாய். டாடெக்கும் நானும் அங்கே வந்திருப்போம். அவன் நல்லவன், உனக்குப் பிடித்திருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் போனான்.

நீ தாளை அனுப்பாததை மன்னித்துவிட்டேன், எப்போதோ. என்னைச் சாகடித்ததையும் மன்னிக்கலாம், வாழ்க்கையில் அதனால் ஒன்றும் குறையவில்லை. டெப்ரா மாடியிலிருந்து இறங்கிப் போனதுதான் இன்னும் தொண்டையில் நிற்கிறது. அதை மன்னிக்க முயற்சி செய்கிறேன்.

கல்லை மாற்றச் செலவு செய்யாதே. அந்த இரண்டு எழுத்தின் மேலேயும் ஒட்டுப்பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறேன். வேண்டிய நாளில் காஷா எடுத்துவிடுவாள்.

அப்பாவின் கடைசிக் கடிதத்தில் உனக்கென்று ஒரு செய்தி இருக்கிறது. அவர் சொன்னபடி கொடுக்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஹெனெக்கிட்ட சொல்லு. அந்த முதல் ஒரு மணி நேரம் உனக்காக உட்கார்ந்தேன், ரூஜா. மிச்ச ஏழு நாளும் அவனுக்காகத்தான் உட்கார்ந்தேன்."

அக்கா


மெல்பர்ன்
25 நவம்பர் 2007

அக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பாவின் எழுத்தை எனக்கே படிக்க முடிந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

அன்று மாலையே டெப்ராவையும் ஃபேலாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்திய என் மனைவி ஃபேலா எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். டெப்ரா, "அந்தச் சாவிக்கார அம்மாவா?" என்று மட்டும் கேட்டாள். "அவங்ககிட்ட நான் பேனா குடுத்துட்டு வந்தேன்பா" என்றாள். அப்புறம் வெளியே போய்க் காருக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் விமானச் சீட்டு எடுத்துவிட்டாள். டிசம்பர் ஆறாம் தேதி உன்னிடம் இருப்பாள். என்னை வா என்று கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அவளோடு வந்தால் அங்கேயும் அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். முதலில் உன்னைப் பார்க்கட்டும். கசகசா கேக் அவளுக்குப் பிடிக்கும்.

அம்மா போன நாள் நிசான் மாதத்தில் வருகிறது, ஏப்ரலில். அன்றைக்கு நான் வந்தால் பத்தாவது ஆளாக என்னை எண்ணுவீர்களா? நீ எண்ணாவிட்டாலும் வருகிறேன், வாசலில் நிற்கிறேன். வேறு ஆள் பார்த்து வைத்திருந்தாலும் பரவாயில்லை.

நேற்று கிஸ்லேவ் பதினாலு. இந்த வருஷம் ஓய்வுநாளில் விழுந்தது, அதனால் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்கு முன்பே நினைவு விளக்கை எடுத்து வைத்து ஏற்றினேன். ஃபேலா பின்னாலேயே வந்து நின்றாள். மூன்று நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "அவதான் உயிரோட இருக்காளே. இது யாருக்கு?" என்றாள்.

"அப்பா யாருக்காக உட்கார்ந்தாரோ அவனுக்கு" என்றேன்.

விளக்கு நேற்று மாலைவரை எரிந்தது. இன்று காலை அலமாரியிலிருந்து என் நல்ல கோட்டை எடுத்தேன், மேடைக்குப் போட்டுக்கொண்டு போவேனே, சாம்பல் நிறம், அது. மார்பு மடிப்பைக் கையில் பிடித்து, நூல் எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் இழுத்தேன். கெட்டித் துணி, அக்கா. வயதாகிவிட்டது, மூன்று முறை இழுக்க வேண்டியிருந்தது. துணியிலேயே கிழிந்தது.

ஹெனெக்